பின்னால் வந்த கை

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் பெரியவள் நடந்து வந்தால் அவள் கை சும்மா வராது. போகிற போக்கில் ஒரு தலையணையை நிமிர்த்தும், ட்ரிப் ஓடுகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிடும். வாய் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும், கண் வேறெங்கோ இருக்கும், கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டு வரும். வீட்டிலும் அப்படித்தான். அவள் புருஷன் தையல்காரர். மிஷின் மேல் வைத்த கத்தரிக்கோலைக் காணோம் என்று அவர் வீடு முழுக்கத் தேடுவார். அது சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். "எடுத்து வெச்சது நீயா?" என்றால், "நான் எங்க எடுத்தேன்?" என்பாள். பொய் இல்லை. அவளுக்கே தெரியாது.

ஆனால் தங்கை விஷயத்தில் கை செய்தது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

தங்கை சின்னவள் அதே வார்டில் நர்ஸாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அம்மா போனபோது சின்னவளுக்குத் தானாகத் தலை பின்னத் தெரியாது. அன்றிலிருந்து பின்னிவிட்டு, சோறு போட்டு, நர்ஸ் படிப்பு படிக்கவைத்து, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே கொண்டுவந்து நிறுத்தியது பெரியவள்தான். சின்னவளை நோயாளிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு தாத்தாவுக்கு ஊசி போடுவதற்கு முன்னால் பேத்தி பெயரைக் கேட்பாள். அவர் பேத்தியைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் ஊசி போட்டு முடித்திருப்பாள். "கை பட்டதே தெரியலம்மா" என்பார்கள்.

அவளிடம் ஒரே ஒரு மறதி. ஆபரேஷன் ஆனவர்களுக்கு மூத்திரம் போக ஒரு குழாய் போட்டிருப்பார்கள். அதன் மறுமுனையில் ஒரு பை, கட்டிலுக்குக் கீழே தொங்கும். ஆளை ட்ரோலியில் ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது பையைத் தூக்கி அவர் பக்கத்தில் வைக்கவேண்டியிருக்கும். உயரத்தில் வைத்தால் பையில் இருப்பது திரும்பி உள்ளே ஓடிவிடும். அதனால் குழாயின் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை அழுத்தி மூடுவார்கள். ஆள் கட்டிலுக்குத் திரும்பியதும் பையைக் கீழே மாட்டிவிட்டு கிளிப்பைத் திறக்கவேண்டும். அதற்கு ஒரு கட்டைவிரல் போதும்.

சின்னவள் மூடுவாள். திறக்கமாட்டாள். ஆளைக் கட்டிலுக்கு மாற்றுவாள், பையை மாட்டுவாள், போர்வையை இழுத்துவிட்டு, "குளிருதா தாத்தா, வலிக்குதா?" என்று கேட்பாள், பக்கத்தில் நிற்கும் மகளுக்குத் தைரியம் சொல்லுவாள். அந்தப் பேச்சில் கிளிப் மறந்துபோகும். பெரியவள் பின்னாலேயே வந்து, பையைப் பார்ப்பதுபோலக் குனிந்து, கட்டைவிரலால் திறந்துவிட்டுப் போவாள். முதல் தடவை அப்படிச் செய்தபோது சாயங்காலம் வீட்டில் வைத்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தாள்.

சொல்லவில்லை. காரணம், சேர்ந்த முதல் வாரத்தில் ஒருநாள் சொல்லியிருந்தாள். மருந்துத் தட்டைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனதற்கு, நாலு பேர் முன்னால், கொஞ்சம் சத்தமாக. சின்னவள் துணி அடுக்கும் அறைக்குள் போய் உட்கார்ந்து அழுது, அன்றைக்கு முழுக்கச் சோறு சாப்பிடவில்லை. அம்மா போன வீட்டில் அந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிடந்த நாட்கள் பெரியவளுக்கு ஞாபகம் வந்தது. அதோடு விட்டுவிட்டாள். ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்து, அவள் முகம் வாடுவதைப் பார்த்து, மறுபடி சொல்லி, இத்தனை பாடு படுவதைவிட நாமே செய்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 'இன்சார்ஜ் சிஸ்டரோட தங்கச்சியா? ஒரு தப்பு கண்டுபிடிக்க முடியாது' என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்க அவளுக்கு நன்றாக இருந்தது.

இருவரும் ஒரே ஷிஃப்டில் இருக்கும்படி பெரியவள் பார்த்துக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால் வார்டு இன்சார்ஜ் ஆனபிறகு யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுப்பதே அவள் பொறுப்பு என்பதால், அது இன்னும் சுலபமாகிவிட்டது.

இன்சார்ஜ் ஆனவர்களுக்கு நிர்வாகப் பயிற்சி என்று ஆஸ்பத்திரியில் ஏற்பாடு செய்தார்கள். நல்ல நர்ஸாக இருப்பது வேறு, நர்ஸ்களை நடத்துவது வேறு என்று மேட்ரன் சொல்லித்தான் அனுப்பினார். மாடியில் ஏ.சி. போட்ட ஹால். வாசலில் ஒரு கூடை, அதில் எல்லோரும் போனைப் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். பாடம் நடத்த வந்தவர் டை கட்டியிருந்தார், நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்று வேண்டிக்கொண்டவர்போல நடந்துகொண்டே இருந்தார். காகிதத்தை மடித்துக் கோபுரம் கட்டச் சொன்னார்; குழுத் தலைவி வாயால் சொல்லலாம், கையால் தொடக்கூடாது. பெரியவள் குழுவின் கோபுரம்தான் முதலில் நின்றது. தொட்டது யார் என்று அவர் கேட்டபோது எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"சிஸ்டர், உங்க ஆளு ஒருத்தர் தப்பு பண்றார். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சரி பண்ணிடுவேன் சார்."

"எதை? தப்பையா, ஆளையா?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்துவைத்தாள். பிறகு அவர், "இன்னைக்கு நீங்க இங்க இருக்கீங்க. உங்க வார்டு இப்ப எப்படி ஓடிக்கிட்டு இருக்கும்?" என்று கேட்டார்.

"என் வார்டு தானா ஓடும் சார்" என்றாள் பெரியவள்.

கைதட்டினார்கள். கீழே வார்டில் அந்த நேரம் வாத்தியாரை ஸ்கேனிலிருந்து கொண்டுவந்து கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள். குழாய் வழியாக உள்ளே கழுவிவிட்டுக்கொண்டிருந்த உப்புத் தண்ணீரை அன்று காலையில்தான் நிறுத்தியிருந்தார்கள். வகுப்பு முடிந்து பெரியவள் கூடையில் போனைத் தேடி எடுத்தபோது அதில் வார்டிலிருந்து வந்த அழைப்புகள் வரிசையாக இருந்தன. ஓடி வந்தாள். வாத்தியார் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. வயிறு கல்லாக இருந்தது, முகமெல்லாம் வேர்வை. சர்ஜன் குனிந்து குழாயைக் கையால் தடவிக்கொண்டே வந்து கிளிப்பில் நின்றார். மூடியிருந்தது.

திறந்தும் ஒன்றும் வரவில்லை. உள்ளே இரத்தம் கட்டிப்போய்க் குழாயை அடைத்துவிட்டது. அவரை மறுபடியும் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஏற்கனவே பலவீனமான இதயம், அங்கே தடுமாறியது. அங்கிருந்து நேராக ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள்.

"இதை மூடினது யாரு?" என்று சர்ஜன் கேட்டார்.

"நான்தான் சார் மூடினேன், ஸ்கேனுக்குப் போறப்ப. திரும்பி வந்ததும் திறந்துட்டேன்" என்றாள் சின்னவள். குரல் நடுங்கவில்லை.

"அதுக்கப்புறம் யார் தொட்டது?"

மத்தியானம் விரிப்பு மாற்றியது ரேடியோ. ரேடியோ என்பது வார்டு ஆயாவின் பட்டப்பெயர். காலையில் வந்ததும் தொடங்கினால் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதுதான் நிற்கும். விரிப்பு மாற்றும்போது பையைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்ததாக அவளே ஒத்துக்கொண்டாள். "ஆனா கிளிப்பை நான் தொடலீங்க. பையில ஒண்ணுமே இல்ல. யாரோ ஏற்கனவே ஊத்திட்டாங்கன்னு நினைச்சேன்." காலிப் பையைப் பார்த்தவுடன் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். ரேடியோ காண்டிராக்டர் வழியாக வந்தவள். வேலையிலிருந்து நிறுத்த ஒரு வார்த்தை போதும். திங்கட்கிழமை விசாரணை என்றும், அதுவரை சின்னவளும் ரேடியோவும் வேலைக்கு வரவேண்டாம் என்றும் மேட்ரன் சொல்லிவிட்டார்.

மறுநாள் பெரியவள் ஐ.சி.யு.வுக்குப் போய்ப் பார்த்தாள். வாத்தியார் கண் விழித்திருந்தார்.

"வாங்கம்மா. உங்களைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"எப்படி இருக்கீங்க சார்?"

"இருக்கேன். உங்களையெல்லாம் வம்புல மாட்டி விட்டுட்டேனாமே. என் பையன் வேற சத்தம் போட்டானாம். அவன் வாய் அப்படி, மனசுல வெச்சுக்காதீங்க. தப்பு என்னோடதுதான். வலி வந்தப்பவே சொல்லியிருக்கணும். ஆபரேஷன் பண்ணின இடம், வலிக்கத்தானே செய்யும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். அந்தச் சின்னப் பொண்ணு வந்து வந்து கேட்டுச்சு. பாவம், அதை எதுக்கு அலையவிடணும்னு, லேசாத்தான் இருக்குன்னு சொல்லிட்டேன்."

"தப்பு உங்க மேல இல்ல சார்."

"பின்ன யார் மேல?"

மாணவனிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார், கோபமில்லாமல். பெரியவள் போர்வையின் மடிப்பை நீவிவிட்டாள். குனிந்து குழாயைப் பார்த்தாள். கிளிப் திறந்துதான் இருந்தது. "ரெஸ்ட் எடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, லிஃப்டுக்கு நிற்காமல் படியில் இறங்கினாள். நாலு வார்த்தை முன்னமே சொல்லியிருந்தால் அந்த மனுஷன் இன்றைக்கு வீட்டுக்குப் போகிற ஏற்பாட்டில் இருந்திருப்பார்.

வீட்டில் சின்னவள் ஒன்றும் இடிந்துபோய்விடவில்லை. அதுதான் பெரியவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. முட்டை உடைத்துக்கொண்டே, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அன்று நடந்ததை மறுபடி மறுபடி சொல்லுவாள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா. பையை மாட்டினேன், கிளிப்பைத் திறந்தேன், போர்வையை இழுத்துவிட்டேன். எப்பவும் செய்யறதுதானே? இந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது நான் மறந்து மூடியே கிடந்திருக்கா? நீயே சொல்லு. நான் திரும்பிப் போய்ப் பார்க்கறப்பல்லாம் திறந்துதானே இருந்திருக்கு."

"ம்" என்றாள் பெரியவள்.

"அந்த ஆயாம்மா பாவம்தான். ஆனா பேச்சு வாக்குல எதையாவது அமுக்கியிருப்பாங்க."

பெரியவள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிசைந்தது பிசைந்தபடி கிடந்தது. தையல்காரர் அதைப் பார்த்தார். சின்னவள் துணி துவைக்கப் பின்பக்கம் போனதும் மிஷினை நிறுத்திவிட்டு, "என்னத்தையோ முழுங்கிட்டு உக்காந்திருக்க. துப்பு" என்றார்.

பெரியவள் சொன்னாள். மெதுவாக, தரையைப் பார்த்தபடி, முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையில் இருந்த நூல்கண்டு தரையில் விழுந்து மேசைக்கு அடியில் போய்விட்டது. எடுக்கவில்லை.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு."

"என்னங்க பேசறீங்க?"

"யோசிச்சுத்தான் பேசறேன். நீ சொன்னா உன் பதவி போகும். அவ பேரு கெடும், வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் சேர்க்கமாட்டான். எல்லாத்தையும்விட, அவ உன்னை என்னன்னு நினைப்பா? ரேடியோவுக்கு என்ன, ஒரு வேலைதானே? நான் யூனிஃபார்ம் தைக்கற ஹாஸ்டல்ல கூட்டிப் பெருக்க ஆள் தேடிக்கிட்டிருக்காங்க. நாளைக்கே பேசி முடிச்சுடறேன். அங்க யாருக்கும் குழாயும் கிடையாது, கிளிப்பும் கிடையாது."

அதைக் கேட்டதும் பெரியவளுக்கு மூச்சு இலேசாக வந்தது. அப்படிச் செய்துவிடலாமே என்று நிஜமாகவே தோன்றியது. அரைமணி நேரம் நிம்மதியாகக்கூட இருந்தாள், பாத்திரங்களைத் துலக்கி அடுக்கினாள். பிறகு, நிம்மதியாக இருக்கிறோம் என்பது உறைத்தது. ஒரு பொம்பளையின் பெயரைக் கெடுத்துவிட்டு அவளுக்குத் துடைப்பம் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிற அளவுக்கு நாம் வந்துவிட்டோமா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மழை. வீட்டுக்குள் குறுக்கே கயிறு கட்டி யூனிஃபார்ம்களைக் காயப்போட்டிருந்தார்கள். யார் எங்கே நகர்ந்தாலும் ஈரமான சட்டைக் கை ஒன்று முகத்தில் தட்டியது. மத்தியானம் வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது. ரேடியோ வந்திருந்தாள்.

"உள்ள வாங்க ஆயாம்மா" என்றாள் பெரியவள்.

"வேண்டாம் சிஸ்டர், கால் எல்லாம் சேறு. இங்கயே நிக்கறேன்." அவ்வளவு சுருக்கமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை. "நாளைக்கு விசாரணையில நீங்க எனக்காக ஒரு வார்த்தை சொல்லணும். நான் வாயாடிதான், இல்லேன்னு சொல்லல. ஆனா வேலையில குறை வெச்சிருக்கேனா? நீங்க சொன்னா மேட்ரனம்மா கேப்பாங்க. உங்களைத்தான் கேப்பாங்க."

பெரியவள் பதில் சொல்வதற்குள் கயிற்றில் தொங்கிய துணிகளை விலக்கிக்கொண்டு சின்னவள் வந்துவிட்டாள்.

"ஆயாம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு தாயி."

"நீங்க பையைத் தூக்கி வெச்சீங்கல்ல? அப்ப பழக்க தோஷத்துல கிளிப்பை அமுக்கியிருப்பீங்க. அப்புறம் மறந்திருப்பீங்க. மனுஷங்கதானே, மறக்கறதுதான். இல்லவே இல்லன்னு சாதிச்சாத்தான் கோவம் வரும். ஆமா, மறந்துட்டேன்னு சொல்லிட்டீங்கன்னா மேட்ரன் விட்டுடுவாங்க. நானும் உங்களுக்காகப் பேசறேன்."

அவள் உண்மையான பரிவோடுதான் சொன்னாள். ரேடியோவின் கையைக்கூடப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ அந்தக் கையையே பார்த்தாள்.

"நான் தொடலன்னுதான் நினைக்கறேன். ஆனா ராத்திரியெல்லாம் யோசிச்சு யோசிச்சு இப்ப எனக்கே நிச்சயமாத் தெரியல. பையைத் தூக்கினது ஞாபகம் இருக்கு. பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட பேசிக்கிட்டிருந்தது ஞாபகம் இருக்கு. ஒருவேளை அமுக்கிட்டேனோ என்னமோ. உனக்குத் திறந்தது நல்லா ஞாபகம் இருக்கில்ல?"

"நல்லா இருக்கு ஆயாம்மா."

"அப்ப நான்தான் போல இருக்கு" என்றாள் ரேடியோ. "அந்த மனுஷன் எனக்கு தினமும் பேப்பர் படிச்சுக் காட்டுவாரு. அவரை நானே..." முடிக்கவில்லை. பெரியவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

பெரியவள் நிலைப்படியில் நின்றாள். தெருமுனை வரைக்கும் அந்தக் குடை தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான் முதலில், பிறகு கத்தினால் கேட்கிற தூரம். இரண்டையும் அவள் விட்டுவிட்டாள். குடை திரும்பி மறைந்தபிறகுதான் அவளுக்கு வாய் வந்தது.

"நீ திறக்கல."

"எதைக்கா?"

"கிளிப்பை. அன்னைக்கு நீ திறக்கல."

"நீ பார்த்தியா? நீதான் கிளாஸ்ல இருந்தியே."

"நான் இருந்திருந்தா திறந்திருப்பேன்."

சின்னவளுக்குப் புரியவில்லை. காய்ந்துவிட்டதா என்று ஒரு யூனிஃபார்மின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், அதை விடாமல் அப்படியே நின்றாள்.

"எப்பவும் நான்தான் திறப்பேன்" என்றாள் பெரியவள். "நீ மூடுவ. ஆளைப் படுக்க வைப்ப, பேசுவ, போயிடுவ. நான் பின்னாடி வந்து திறந்துடுவேன். நீ திரும்பி வந்து பார்க்கறப்ப திறந்திருக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"எப்பல இருந்து?"

"நீ சேர்ந்ததுல இருந்து."

சின்னவள் சிரித்தாள். அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்த சிரிப்பு. அது பாதியில் நின்றது. மிஷின் அருகே உட்கார்ந்திருந்த தையல்காரர் எழுந்து, "இப்ப எதுக்கு இதெல்லாம்? டீ போடவா?" என்றார். யாரும் திரும்பவில்லை. அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"எனக்குத் திறந்தது ஞாபகம் இருக்கேக்கா."

"திறந்து கிடந்தது ஞாபகம் இருக்கும்."

மழை கொஞ்சம் ஓங்கிப் பெய்தது. சின்னவள் தரையில் உட்கார்ந்தாள். கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்து, கிளிப்பைத் திறப்பதுபோல ஒருமுறை செய்து பார்த்தாள். மறுபடியும் செய்தாள். கை அந்த வேலையை எப்போதாவது செய்திருக்கிறதா என்று கையையே கேட்பதுபோல இருந்தது.

"வேற என்ன?" என்றாள்.

"வேற ஒண்ணும் இல்ல."

"சொல்லுக்கா. வேற என்னல்லாம் எனக்குப் பின்னாடி வந்து பண்ணின?"

பெரியவள் சொன்னாள். கட்டிலின் பக்கக் கம்பி. ட்ரிப் பாட்டில் தீர்ந்துபோவதற்குள் மாற்றியது. மருந்து ஒத்துக்கொள்ளாது என்று முன்பே சொல்லியிருந்த ஒருவருக்கு இவள் எடுத்து வைத்திருந்த ஊசியைத் தட்டிலிருந்து எடுத்துப் போட்டது. அதைக் கேட்டதும் சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதையுமா சொல்லல?"

"அழுவியேன்னு."

"அழுதா அழுதுட்டுப் போறேன். அழுதுட்டாவது கத்துக்கிட்டிருப்பேன்ல? அந்த வாத்தியார் எனக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தார்னு நீயே வந்து சொன்னியே. நான் எவ்வளவு கவனமா பார்த்துக்கறேன்னு எனக்கே என் மேல பெருமை. அப்ப நான் நர்ஸே இல்லையாக்கா? ரெண்டு வருஷமா நான் அங்க என்னதான் பண்ணிக்கிட்டிருந்தேன்?"

"அப்படிச் சொல்லாதடி."

"இப்ப அந்த அம்மா கையைப் பிடிச்சு, நீங்கதான் மறந்திருப்பீங்கன்னு என் வாயால சொன்னேன். நீ பக்கத்துலயே நின்ன. சொல்ல விட்டுட்டு நின்ன. அதை மட்டும் ஏன் சரி பண்ணல?"

உன்னைக் காப்பாற்ற என்று சொல்லலாம், அது முழு உண்மை இல்லை. தன் பதவி, தன் பெயர், தங்கை தன்னை அண்ணாந்து பார்க்கும் அந்தப் பார்வை, எல்லாமும் அதில் இருந்தது. அழுகை வந்தது. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் முதல்ல உள்ள போய்ச் சொல்லிடறேன்" என்றாள் கடைசியில். "தப்பு முழுக்க என்னோடதுன்னு. உன்னை ஒண்ணும் பண்ணமாட்டாங்க. நான் பார்த்துக்கறேன்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து, அரைகுறையாகக் காய்ந்த யூனிஃபார்மைக் கயிற்றிலிருந்து உருவிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் சாப்பிட்டாள். தட்டில் போட்டதை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்தாள்.

திங்கட்கிழமை மேட்ரன் அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. ரேடியோ முன்னதாகவே வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். பெரியவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "நான் ஒத்துக்கறேன்னு முடிவு பண்ணிட்டேன் சிஸ்டர். மறந்துட்டேன்னு சொன்னா விட்டுடுவாங்கல்ல?" என்று கேட்டாள்.

"நீங்க ஒண்ணும் ஒத்துக்க வேண்டாம் ஆயாம்மா. நீங்க மூடல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியவள் சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், இருக்கவில்லை. ரேடியோ குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் முகத்தில் நிம்மதி வரும் என்று பெரியவள் எதிர்பார்த்தாள்.

"நேத்து நான் உங்க வாசல்ல நின்னப்ப உங்களுக்கு இது தெரியும்."

"தெரியும்."

"நான்தான் போல இருக்குன்னு சொன்னேனே. அப்பவும் தெரியும்."

"தெரியும் ஆயாம்மா."

ரேடியோ எழுந்தாள். பெஞ்சின் மறு ஓரத்துக்குப் போய் உட்கார்ந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாயாடி என்று பெயரெடுத்த பொம்பளை ஒரு திட்டு திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் பெரியவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கதவு திறந்தது. உள்ளே மேட்ரன், சர்ஜன், நிர்வாகத்திலிருந்து ஒருவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. "இன்சார்ஜ் சிஸ்டர் முதல்ல வாங்க" என்று அழைத்தார்கள். பெரியவள் எழுந்தாள். அதற்கு முன்பே சின்னவள் எழுந்து நின்றிருந்தாள்.

"நான் போறேன்" என்றாள்.

"என்னைத்தான்டி கூப்பிடறாங்க. நான் போய்..."

"நீ உக்காரு."

பெரியவள் உட்காரவில்லை. கதவு வரைக்கும் கூடவே போனாள். சின்னவள் திரும்பி, குரலை உயர்த்தாமல், "பின்னாடி வராதக்கா" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரியவள் பெஞ்சுக்குத் திரும்பினாள். கதவு வழியாகப் பேச்சு துண்டு துண்டாகக் கேட்டது. முதலில் சர்ஜனின் குரல் ஏறியது. பிறகு சின்னவளின் குரல். "இல்ல சார், அன்னைக்கு மட்டும் இல்ல." நடுவில் குரல் உடைந்து, அழுகிறாள் என்று தெரிந்தது. பெரியவளின் கால்கள் தாமாகவே எழுந்துகொள்ளப் பார்த்தன. நாளிதழ் படித்துக் காட்டும் அந்த மனுஷனை நினைத்தாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தாள், பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே அழுகை தானாகவே அடங்கி, சின்னவள் மறுபடி பேசத் தொடங்கினாள். யாரும் போய் எடுத்துக் கொடுக்காமலே வார்த்தைகள் வந்துகொண்டிருந்தன.

கதவு திறந்து அவள் வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது. நேராக ரேடியோ எதிரே போய் நின்று, "ஆயாம்மா, நீங்க இல்ல. நான். உள்ள சொல்லிட்டேன்" என்றாள். ரேடியோ திரும்பி அவளைப் பார்த்தாள், கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். சின்னவள் அங்கே உட்கார்ந்துகொண்டாள்.

"உன்னைக் கூப்பிடறாங்க" என்றாள் அக்காவிடம், முகத்தைப் பார்க்காமல். பெரியவள் எழுந்து கதவுப் பக்கம் இரண்டடி வைத்ததும் மறுபடி அவள் குரல் வந்தது.

"உன்னோடதை மட்டும் சொல்லுக்கா."

'என் தங்கச்சி சின்னப் பொண்ணு, அவளை விட்டுடுங்க' என்று தொடங்குவதாகத்தான் பெரியவள் இரவு முழுக்க யோசித்து வைத்திருந்தாள். இப்போது கதவை அடைவதற்குள் வேறொரு முதல் வாக்கியத்தைத் தேட வேண்டியிருந்தது.